பதினோராவது கையெழுத்து

விடியல் சேவா சங்கத்தில் யாரும் யாரையும் ‘சார்’ என்று கூப்பிடக் கூடாது. எல்லோரும் அண்ணன், எல்லோரும் அக்கா. சாப்பிட்ட தட்டை அவரவர்தான் கழுவ வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் கக்கூஸ் கழுவுகிற முறை தலைவர் இன்பசேகரனுடையது. எம்.ஏ. படித்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விளக்குமாறும் வாளியுமாகப் போவதை மதுரை அரசரடியில் அந்தத் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்பார். ஆனிமேரிக்கு அந்த இடம் பிடித்துப்போனதற்கு அந்த வாளியும் ஒரு காரணம். அவளுக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை தயாராகக் காத்திருந்தது. அப்பா அங்கேதான் தலைமையாசிரியர். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சங்கத்தில் சேர்ந்தபோது அம்மா மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

அது எழுபத்தேழாம் வருஷம். அவளுக்குக் கிடைத்த ஊர் குருத்தம்பட்டி. கொட்டாம்பட்டி தாண்டி, திருச்சி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு மைல் புழுதியில் நடக்க வேண்டும். ஊருக்குத் தெற்கே தள்ளி முப்பது குடிசைகள். அதைக் காலனி என்பார்கள். சாயங்காலம் களையெடுத்துவிட்டு வரும் காலனிப் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் ஆனிமேரியின் வேலை. முதல் மாதம் முப்பது பேர் வந்தார்கள். எட்டாவது மாதத்தில் பதினோரு பேர் மிஞ்சினார்கள். ஆனால் அந்தப் பதினோரு பேரும் தங்கள் பெயரை எழுதினார்கள்.

அவர்களில் சோலையம்மாள் கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. பிடிவாதக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். அந்தக் காலத்து ‘லை’க்குத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு உண்டு. அந்த வளைவு சரியாக வருகிறவரை சிலேட்டை அழித்து அழித்துப் போடுவாள். “எம்புட்டு எழுத்து இருக்கு, ஆனா இதுக்கு மட்டுந்தான் தும்பிக்க” என்று பெருமைப்பட்டுக்கொள்வாள், யானையைத் தானே வாங்கிக் கட்டியது போல. அவள் புருஷன் சின்னக்கருப்பன் மணியக்காரர் வெள்ளைத்துரையிடம் ஏர் ஓட்டினான். அவர்கள் குடிசை இருந்ததும் மணியக்காரர் வயலின் ஓரத்தில், அவர் இருக்கச் சொன்ன இடத்தில்.

வெள்ளைத்துரை யார் என்று சொல்லிவிட வேண்டும். ஊரின் தீர்வையும் தஸ்தாவேஜும் அவர் கையில். அவருக்கு முன்னால் அவர் அப்பா கையில், அதற்கு முன்னால் தாத்தா கையில். சர்க்கார் அந்த ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் அவருடைய கண்ணால்தான் பார்க்கும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் காலனிக்கென்று சர்க்கார் ஒரு கிணறு வெட்டியது. அடுத்த வருஷமே அதைச் சுற்றி முள்வேலி வந்தது, அதற்கடுத்த வருஷம் பம்புசெட் வந்தது. இப்போது அந்தத் தண்ணீர் மணியக்காரரின் கரும்புக்குப் பாய்கிறது. காலனிப் பெண்கள் ஒன்றரை மைல் நடந்து கண்மாயில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மோந்து குடத்தை நிரப்புகிறார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்பதென்றால் மணியக்காரரிடம்தானே கேட்க வேண்டும்?

மனு கொடுக்கலாம் என்று சொன்னது ஆனிமேரிதான். கலெக்டருக்கே கொடுக்கலாம் என்றாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பேரு போடாம எழுதுவோமா டீச்சர்?” என்று ஒச்சம்மாள் கேட்டாள். அந்தக் கூட்டத்தில் வயதில் மூத்தவள் அவள்.

மொட்டைக் கடிதம் எழுதக் கூடாது என்பது சங்கத்தின் விதி. பெயர் போடுவதுதான் மரியாதை, ஒளிந்துகொள்வது அடிமைப் புத்தி என்று இன்பசேகரன் கூட்டம்தோறும் சொல்லுவார். கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனிமேரி அதையே இங்கே சொன்னாள். “எட்டு மாசமா எதுக்குப் பேரு எழுதப் படிச்சீங்க? சிலேட்டுல எழுதி அழிக்கவா?”

சோலையம்மாள் மட்டும் சந்தேகமாகவே இருந்தாள். “டீச்சர், இத நீங்க மதுரையில குடுத்தாலும் சரி, மெட்ராஸ்ல குடுத்தாலும் சரி, கடேசில மணியாரு கைக்குத்தான் வரும்.”

ஆனிமேரி சிரித்தாள். “இது கலெக்டருக்குப் போற காகிதம். இவர் எப்படித் தொட முடியும்?”

படித்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. பிற்பாடு அந்தச் சிரிப்பை நினைத்து அவள் கூசிப்போனது ஒரு நாள் இரண்டு நாள் அல்ல.

பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சோலையம்மாள் கடைசி. தும்பிக்கையைப் போட்டு முடித்ததும் காகிதத்தைக் கையில் வாங்கி ஊதினாள், மை காயட்டும் என்று. ஒரு திங்கட்கிழமை ஆனிமேரியும் இன்பசேகரனும் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் மூன்று மணி நேரம் நின்று மனுவைக் கொடுத்தார்கள். முத்திரை குத்திய ரசீது கிடைத்தது. வெளியே வந்து ஆளுக்கொரு காப்பி குடித்தார்கள். கிணறே திறந்துவிட்டது போல இருந்தது ஆனிமேரிக்கு.

நாற்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாற்பத்தோராம் நாள் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வெள்ளைத்துரை புளிய மரத்தடியில் நின்றிருந்தார். வெளுத்த வேட்டி, நெற்றியில் திருநீறு. கையில் ஒரு காகிதக் கட்டு.

“வாங்க டீச்சரம்மா. வெயில்ல நடந்தா வாரீக? சொல்லிவிட்டா வண்டி அனுப்பியிருப்பேன்ல.”

அவர் குரலில் கோபமே இல்லை. கட்டைப் பிரித்து மேலே இருந்த காகிதத்தைக் காட்டினார். அது அவளுடைய மனு. கலெக்டர் ஆபீஸ் முத்திரை, அதற்குக் கீழே இன்னொரு முத்திரை, அதற்குக் கீழே தாலுகா ஆபீஸ் முத்திரை. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: ‘கிராம மணியம் விசாரித்து அறிக்கை அனுப்பவும்.’

“என்மேல மனு வந்திருக்காம். நான் விசாரிச்சு நானே எழுதி அனுப்பணுமாம்.” வெள்ளைத்துரை சிரித்தார். “இதான் டீச்சரம்மா முறை. எந்தக் காகிதமும் மேல ஏறி எறங்கி ஏங்கிட்டதான் வந்து நிக்கும். ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?”

சொன்னார்கள். அவள்தான் சிரித்தாள்.

“நான் அறிக்க எழுதிட்டேன். இந்தப் பொம்பளைக எல்லாம் கைநாட்டு. ஒருத்திக்கும் எழுதத் தெரியாது. யாரோ பொய்க் கையெழுத்துப் போட்டிருக்காகன்னு எழுதியிருக்கேன். யாருன்னு எழுதல. படிச்ச புள்ள, கலியாணமாகாத புள்ள, எதுக்கு?” காகிதத்தை மடித்துக் கட்டில் செருகினார். “வார புதங்கிழம தாலுகா ஆபீஸ்லருந்து ஆர்.ஐ. நேர்ல வாராரு, சாவடியில விசாரண. நீங்களும் வந்துருங்க.”

அன்று வகுப்புக்கு ஒருத்தியும் வரவில்லை. ஆனிமேரி வீடு வீடாகப் போனாள். ஒச்சம்மாள் கதவுப் படலைத் திறக்காமலே பேசினாள். வேலைக்கு வர வேண்டாம் என்று பதினோரு வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. ‘அது என் கையெழுத்து இல்லை’ என்று சாவடியில் சொல்கிறவர்கள் மறுநாளே வயலில் இறங்கலாம். சின்னக்கருப்பனுக்கு இன்னும் ஒன்று கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள்: சோலையம்மாள் ஆமாம் என்று சொன்னால், அன்று பொழுது சாயுமுன் குடிசையைக் காலி செய்ய வேண்டும்.

ஆனிமேரி மதுரைக்குத் திரும்பி இன்பசேகரன் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவரும் ஆடித்தான் போயிருந்தார். ஆனால் அவர் ஆடினாலும் கொள்கை ஆடாது.

“ஒருத்தர் போதும்மா” என்றார். “பதினோரு பேர்ல ஒருத்தர், இது என் கையெழுத்துதான்னு எழுதிக் காட்டினாப் போதும். பொய் மனுன்னு தள்ள முடியாது. ஆர்.ஐ. கிணத்தை அளந்தே ஆகணும். அளந்தா அது காலனிக் கிணறுன்னு சர்வே கல்லே சொல்லும்.” பிறகு, “நீ போய் நில்லு. ஆனா நீ பேசாதே. அவங்க பேசட்டும். நாம அவங்க வாயை எடுத்துக்கக் கூடாது” என்றார்.

செவ்வாய்க்கிழமை ஆனிமேரி சோலையம்மாளைத் தேடிக் கண்மாய்க்குப் போனாள். ஊற்றுக்குழிக்குள் இடுப்பளவு இறங்கி அவள் சிரட்டையால் மோந்துகொண்டிருந்தாள். கலங்கல் தண்ணீர். எப்படிக் கேட்பதென்று தெரியாமல் ஆனிமேரி கரையில் நின்றாள். ஒரு வீட்டை விட்டுவிடு என்று எந்த வாயால் கேட்பது? அவளுக்கு அரசரடியில் ஓட்டுக்கூரை போட்ட அறை, ஞாயிற்றுக்கிழமை அம்மா கையால் சாப்பாடு. கொள்கைக்காக அவள் இழந்தது மூன்று நாள் பேச்சு, அவ்வளவுதான்.

சோலையம்மாளே நிமிர்ந்து பார்த்தாள். “நாளைக்கி வந்துருங்க டீச்சர். நான் சொல்றேன்.”

“நீங்க யோசிச்சு...”

“அதெல்லாம் யோசிச்சாச்சு” என்றாள். குடம் நிரம்ப இன்னும் பாதி இருந்தது. மறுபடியும் குனிந்துகொண்டாள்.

புதன்கிழமை சாவடி முன்னால் ஊரே கூடிவிட்டது. மேலே நாற்காலியில் ஆர்.ஐ. வயதான மனிதர், கண்ணாடிக்குப் பின்னால் களைத்த கண்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் மேசைமேல் மனு, மைப்பெட்டி, ஒரு பேனா. வெள்ளைத்துரை சற்றுத் தள்ளி, விசாரணைக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர் போல நின்றார். பெண்கள் கீழே வெயிலில். ஆனிமேரியை மட்டும் மேலே கூப்பிட்டு ஸ்டூல் போட்டார்கள். வேண்டாம், கீழேயே நிற்கிறேன் என்றாள். ஆர்.ஐ. விடவில்லை. நிழலில் உட்கார்ந்துகொண்டு வெயிலில் நிற்கிறவர்களைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

“ஒச்சம்மா. இது ஒன் கையெழுத்தா?”

“இல்லைங்க சாமி.”

“எழுதத் தெரியுமா?”

“நாங்க எங்கிட்டு சாமி எழுத?”

பெருவிரலை மையில் தோய்த்து வாக்குமூலத்தில் ஒற்றினாள். அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்தவள் வந்தாள். பத்து முறை அதே கேள்வி, அதே பதில், அதே மை. பெயரில் மூன்று சுழி வந்தாலும் அசராமல் எழுதுகிற பெண்கள். ஒருத்திகூட ஆனிமேரியைப் பார்க்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது, கோபம் வரவில்லை. கோபப்பட அவள் யார்?

“சோலையம்மா.”

சோலையம்மாள் முன்னால் வந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் சின்னக்கருப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகட்டி நின்றான். அவன் கண்கள் தரையில் இருந்தன.

“இது ஒன் கையெழுத்தாம்மா?”

சோலையம்மாள் மனுவின் மேல் குனிந்து கடைசி வரியில் தன் பெயரைத் தேடினாள்.

ஆர்.ஐ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்ன நினைத்தாரோ, குரலைத் தணித்தார். “பயப்படாமச் சொல்லு. நான் கேக்குறேன்ல. எழுதத் தெரியும்னா இந்தா எழுதிக் காட்டு.” ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசை விளிம்பில் வைத்தார். பேனாவை மூடி கழற்றி அதன்மேல் வைத்தார்.

சோலையம்மாள் பேனாவைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். ஆனிமேரி அந்தக் கையைப் பார்த்தாள். அது நடுங்கியது. விரல் நுனி பேனாவுக்கு அரைச் சாண் தள்ளி அந்தரத்தில் நடுங்கிக்கொண்டே நின்றது. ஆனிமேரி சின்னக்கருப்பனைப் பார்த்தாள், குனிந்த அவன் தலையைப் பார்த்தாள். பொழுது சாய இன்னும் எத்தனை மணி நேரம் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. இந்தப் பெண்ணை இந்த மேசைக்குமுன் கொண்டுவந்து நிறுத்தியது நான்தானே, என்னுடைய சிரிப்புதானே என்று தோன்றியது. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

“அவங்களுக்கு எழுதத் தெரியாது சார்.”

சங்கத்தில் யாரும் சொல்லக் கூடாத ‘சார்’ அவள் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

ஆர்.ஐ. திரும்பிப் பார்த்தார். “அப்ப மனுவுல இருக்கிறது?”

“நான்தான் போட்டேன். பதினொன்னும் நான்தான்.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சோலையம்மாளின் கை அந்தரத்திலேயே இருந்தது, பிறகு மெதுவாகக் கீழே போனது. வெள்ளைத்துரை முகத்தில் முதன்முறையாக ஒரு ஆச்சரியம். இத்தனை சுலபத்தில் முடியும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை போலும்.

“எழுதிக் குடுங்க” என்றார் ஆர்.ஐ. அவர் குரலில் இப்போது களைப்பு மட்டும்தான் இருந்தது. சோலையம்மாளுக்கு வைத்த அதே தாளை ஆனிமேரியின் பக்கம் நகர்த்தினார். மேற்கண்ட பெண்கள் எவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது என்றும், கையெழுத்துகள் அனைத்தும் தன்னால் போடப்பட்டவை என்றும் அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். கீழே தன் பெயரையும் போட்டாள். சோலையம்மாளிடம் மைப்பெட்டியை நீட்டினார்கள். அவள் பெருவிரலை வைத்தாள். இனி இப்படிச் செய்தால் போலீஸுக்குப் போகும் என்று ஆனிமேரியை எச்சரித்துவிட்டு, மனு பொய்யென்று தள்ளப்பட்டது என எழுதி, ஆர்.ஐ. மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். கிணற்றுப் பக்கம் யாரும் போகவில்லை.

கூட்டம் கலைந்தது. ஆனிமேரிக்கு உள்ளே ஒரு ஓரத்தில் நிம்மதி. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள், ஒரு குடும்பத்தின் கூரையைக் காப்பாற்றிவிட்டாள். தியாகம் என்ற சொல்லைக்கூட நினைத்திருப்பாள், பாவம். சோலையம்மாளைத் தேடிக்கொண்டு வயலோரம் போனாள்.

குடிசை வாசலில் சோலையம்மாள் உட்கார்ந்து பெருவிரலை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆனிமேரி குனிந்து உள்ளே பார்த்தாள். குடிசை காலியாகக் கிடந்தது. அடுப்புக்கல் மூன்று, மூலையில் ஒரு தண்ணீர்க்குடம். சட்டி இல்லை, பானை இல்லை, கொடியில் ஒரு துணி இல்லை.

“காலி பண்ணச் சொல்லிட்டாங்களா? அதான் நான் சொல்லிட்டேனே!” என்றாள் ஆனிமேரி.

“யாரும் சொல்லல டீச்சர். நாங்களா எடுத்துட்டோம்.” சோலையம்மாள் நிமிராமல் பேசினாள். “மதுர மார்க்கெட்டுல எங்கண்ணன் மூட தூக்குறாக. அங்கிட்டுப் போயிருவோம்னு நானும் அவுகளும் திங்கக்கெழமயே பேசி முடிச்சிட்டோம். அம்புட்டுச் சாமானும் நேத்தே கொண்டுபோயாச்சு. குடிசைக்காக ஒரு பேச்சு மாறக் கூடாதுன்னுதான்.”

ஆனிமேரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஆனா... ஒங்க கை நடுங்குச்சே.”

“எப்பவும் நடுங்குறதுதான டீச்சர்.” இப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ஆனிமேரி தாங்கிக்கொண்டிருப்பாள். “மொத எழுத்துப் போடுறவரைக்கும் நடுங்கும், பொறகு நிண்டுரும். எட்டு மாசமா பக்கத்துல ஒக்காந்து பாத்தீகளே.”

பார்த்திருக்கிறாள். சிலேட்டுப் பலகையில் குச்சி தடதடவென்று தட்டும். தட்டி, பிறகு ஓடும். அந்தச் சத்தம்கூட இப்போது காதில் கேட்டது.

“இப்பவே போவோம்” என்று எழுந்தாள் ஆனிமேரி. “பஸ் வர இன்னும் நேரமிருக்கு. ஆர்.ஐ. ரோட்டுலதான் நிப்பார். நான் சொன்னது பொய்யின்னு சொல்றேன். நீங்க அவர் முன்னால எழுதிக் காட்டுங்க. வாங்க, ஓடினாப் பிடிச்சிடலாம்.”

சோலையம்மாள் எழுந்திருக்கவில்லை. பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள். ரேகைக்குள் நீலம் அப்படியே இருந்தது.

“ஓடலாம் டீச்சர். ஆனா அவரு எத நம்புவாரு? எனக்கு எழுதத் தெரியாதுன்னு எங்க டீச்சரே எழுதிக் குடுத்திருக்காகளே.”